கடலேற்றம்

நியூட்டாவ் தீவு,
9 ஜூன் 1974

அண்ணனுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை. அப்பாவைப் புதைத்த பிறகு கப்பல் ஏறும்போது, இந்த ஊர் மண்ணை இனி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதன்பின் நானும் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. இப்போது எழுதுவதும் பாசத்தால் அல்ல. ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

போன கப்பலில் சர்க்காரின் துண்டறிக்கை மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. கில்பர்ட் தீவுக்காரர்களோடு ஒரே காலனியாக இருக்கப்போகிறோமா, அல்லது நம் எல்லிஸ் தீவுகள் பிரிந்து தனி நாடாகும் வழியைப் பார்க்கப்போகிறோமா என்று வாக்குப் போட்டுச் சொல்ல வேண்டுமாம். ஊர்மன்றத்தில் நம் சித்தப்பா மகன் டேமுக்கிதான் எழுந்து வாசித்தான். குடும்பத் தலைவருக்கென்று உள்ள தூணில், நம் அப்பா சாய்ந்து உட்கார்ந்த அதே தூணில் சாய்ந்துகொண்டே வாசித்தான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெண்கள் நாங்கள் வழக்கம்போலக் கூரை நிழலுக்கு வெளியே பாயில் இருந்தோம்.

பிரிந்தால் பாஸ்பேட் சுரங்கப் பணத்தில் பங்கு கிடையாது என்று வாசித்தான். யாரும் அசையவில்லை. காலனியின் கப்பல்களில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றான். அதற்கும் யாரும் அசையவில்லை. அடுத்த வரி: "ஆகவே, நீங்கள் கடலேற்றப்படுவதற்குச் சம்மதிக்கிறீர்களா?"

பாய்சிக் கிழவர் தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல நிமிர்ந்தார். "கடலேத்தறதா? எதுக்குடா? நாம யாரு பொண்டாட்டிய தொட்டோம்?"

"நீ தொட்டிருப்ப. அதுக்கு எல்லா தீவும் சேந்து போகணுமா?" என்று எதிர்த் தூணிலிருந்து ஒருவர்.

சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் திருடியவனையும் பிறன் மனைவியைத் தொட்டவனையும் துடுப்பில்லாத படகில் உட்காரவைத்து, பவளப்பாறைக்கு வெளியே தள்ளிவிட்டுக் கரையில் நின்று பார்ப்பார்களே, அந்தச் சொல். பாய்சி வீட்டுக்குப் போகும்போது, "கில்பர்ட்காரன் திட்டினா திட்டிட்டுப் போறான், நான் இருக்கற எடத்துலயே கெடந்து சாகறேன்" என்று சொல்லிக்கொண்டே போனார். இப்போது ஊரில் பாதிப் பேர் அவர் பேச்சைத்தான் பேசுகிறார்கள்.

அந்த "ஆகவே" உங்களுடையது. பிஜியில் சூவாவில் படித்துச் சர்க்கார் மொழிபெயர்ப்பாளரான பின் உப்பு கேட்பதற்குக்கூட "ஆகவே" போட்டுக் கேட்டவர் இந்த எட்டுத் தீவுகளில் நீங்கள் ஒருவர்தான். அப்படியானால் கடலேற்றும் சொல்லும் உங்களுடையதா? தூண் போன கோபத்தை ஊர்மேல் இப்படித் தீர்த்துக்கொண்டீர்களா?

நீங்கள் இங்கே இருந்தால் இதைக் கேட்க எனக்கு வாய் வந்திருக்காது. வயதுக்கு வந்த நாளிலிருந்து நாம் ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்ததில்லை, எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அண்ணனும் தங்கையும் அப்படித்தான் மரியாதை காட்டிக்கொள்ள வேண்டும். காகிதத்துக்கு அந்த மரியாதை கிடையாது. பதில் எழுதுங்கள்.

சுலியா

*

பைரிக்கி, டராவா,
2 ஜூலை 1974

சுலியாவுக்கு,

ஆம், நான்தான். "ஆகவே"யும் என்னுடையதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பை நீயே எழுதிக்கொள். எனக்குத் தீர்ப்புகள் பழக்கம். எங்கள் வெள்ளைக்கார மேலதிகாரி மிஸ்டர் கார்வி என்னை அறைக்கு அழைத்து ஆங்கில வாசகத்தைக் கொடுத்தார். "அபினேலு, கொஞ்சம் இதமான வார்த்தையா போடுங்க. சண்டை சச்சரவு இல்லாம பிரிஞ்சு போறது. தனிக்குடித்தனம் மாதிரி."

"தனிக்குடித்தனம் போற பொண்ணுக்குச் சட்டி பானையாவது குடுத்து அனுப்புவாங்க ஐயா" என்றேன்.

சிரித்தார். நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். இத்தனை வருடம் நம்மோடு இருந்தும் அவருக்கு நம் மொழியில் தெரிந்ததெல்லாம் வணக்கமும் இளநீரும்தான். நான் மேசைக்கு வந்து யோசித்தேன். ஒரு படகு. துடுப்பு கிடையாது. கரையில் நின்று கை காட்டுவார்கள். இதற்கு நம் மொழியில் ஏற்கெனவே பெயர் இருக்கும்போது நான் ஏன் இன்னொன்று தேட வேண்டும்? அவர்கள் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை. செய்ததை மொழிபெயர்த்தேன். படித்தவர்களுக்கு ரத்தம் சூடேறும் என்று நினைத்தேன். நம் ஊருக்கு நடுக்கம் வந்தால் அது ஊரின் குணம்.

தூணைப் பற்றி எழுதியிருந்தாய். நான் மறக்கவில்லை. அப்பாவின் உடம்பு உள்ளே இருக்கும்போதே, "சர்க்கார் மேசையில சாயறவனுக்கு இங்க தூண் எதுக்கு" என்று கேட்டு, என் பங்கான இடத்தைச் சித்தப்பா மகனுக்குக் கொடுத்தார்கள். கேட்டது பாய்சி. இன்று கடலேற்றத்துக்கு நடுங்குகிற அதே பாய்சி. என்னைக் கடலேற்றும்போது அவருக்குக் கை நடுங்கவில்லை.

அந்தச் சர்க்கார் மேசையின் நிலவரத்தையும் கேட்டுக்கொள். தலைமை மொழிபெயர்ப்பாளராக பௌரோவைப் போட்டுவிட்டார்கள். காற்புள்ளி எங்கே வைப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவன் கில்பர்ட்காரன். எல்லா நாற்காலியிலும் எல்லிஸ்காரர்களே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. உண்மை என்பதால் எனக்குக் கசப்பு குறையவில்லை.

பிரிவினை ஜெயித்தால் கில்பர்ட் மண்ணான இந்த டராவாவில் இருக்கும் எல்லிஸ்காரர்கள் மூட்டை கட்ட வேண்டும். வேலை போகும், இந்தச் சர்க்கார் வீடும் போகும். உன் அண்ணி மேலியா வாசலில் வைத்த ஈரப்பலா இந்த வருடம்தான் காய்த்திருக்கிறது. தோற்றால் பௌரோவுக்குக் கீழே கிடந்து ஓய்வு பெறுவேன். இரண்டில் எதற்கும் நான் வாக்குப் போடப்போவதில்லை. எனக்கு இடம் தராத ஊருக்காக எனக்கு இருக்கும் ஒரே கூரையை ஏன் பிய்த்துக்கொள்ள வேண்டும்?

அபினேலு

*

நியூட்டாவ்,
28 ஜூலை 1974

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட எடுத்துப் போனேன். போடவில்லை. ஒரு வரி குறுக்கே வந்தது. செய்ததை மொழிபெயர்த்தேன் என்ற வரி. அதை மட்டும் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். மற்றதை வாசிக்கவில்லை, உங்கள் மானம் போகும் என்பதால்.

பழைய பாட்டை நீங்கள் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நம் குடும்பத்தின் முதல் ஆள் இந்தத் தீவுக்கு எப்படி வந்தான்? விருந்துக்கு அழைக்கப்பட்டா வந்தான்? எங்கோ ஒரு ஊரில் யாரோ அவனைக் கடலேற்றினார்கள். அவன் சாகவில்லை. கையையே துடுப்பாகப் போட்டான். கரை ஏறி, கிழங்குக் குழி தோண்டினான். அந்தக் குழியில்தான் நான் இன்றைக்கும் முழங்கால் சேற்றில் நிற்கிறேன்.

மன்றத்தில் பெண்கள் வாய் திறக்க முடியாது. ஆனால் ஆட்டத்துக்குப் பாட்டுக் கட்ட எங்களை யாரும் தடுத்ததில்லை. வாக்குப் பெட்டியோடு ஐ.நா. சபை ஆட்களும் வருகிறார்களாம். அவர்களுக்கு ஊரின் வடபக்கத்தார் ஒரு பாட்டு, தென்பக்கத்தார் போட்டிக்கு ஒரு பாட்டு. நம் பக்கப் பாட்டை நான் கட்டுகிறேன். "கடலேற்றப்படுகிறோம்" என்று வைத்துப் பார்த்தேன். மரப்பெட்டியைத் தட்டித் தட்டி வேகம் கூட்டினால் அந்தச் சொல் பின்னால் இழுக்கிறது, கால் எழவில்லை. எரிச்சலில் சொல்லின் நடுவிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தேன். "கடலேறுகிறோம்." உடனே எல்லோருக்கும் கால் எழுந்துவிட்டது.

இலக்கணப்படி இது தப்பா? தப்பு என்றாலும் மாற்றப்போவதில்லை. சும்மா கேட்கிறேன்.

டேமுக்கி சொன்னதையும் எழுதிவிடுகிறேன், உங்களுக்கு உறைக்கட்டும். "அபினேலுவா? அவன் ஓட்டு போட மாட்டான். சிமெண்டு வீட்டுக்காரன். வார்த்தைய தூக்கி நம்ம மேல போட்டுட்டு ஜன்னல சாத்திக்குவான்." எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. ஆனால் நீங்களும் அதையேதானே எழுதியிருந்தீர்கள்.

சுலியா

*

பைரிக்கி,
19 ஆகஸ்ட் 1974

சுலியாவுக்கு,

தப்பில்லை. கடலேற்றுவது என்றால் ஏற்றுகிறவன் ஒருவன் வேண்டும். நீ அவனைச் சொல்லிலிருந்து வெளியே தள்ளிவிட்டாய், அவ்வளவுதான். இது எனக்குத் தோன்றாமல் போனதில் எரிச்சலாக இருக்கிறது. பாட்டை மாற்றாதே.

இங்கே காரியம் வேறு மாதிரிப் போகிறது. அந்தச் சொல்லின் பொருளை யாரோ ஒரு பாதிரியார் கார்வியிடம் சொல்லிவிட்டார். நேற்று அழைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"உங்கள மாதிரி ஒருத்தர பௌரோவுக்குக் கீழ வெச்சது எனக்கே சரியா படல" என்றார். வாக்கு எப்படிப் போனாலும் நான் டராவாவிலேயே இருக்கலாமாம். தலைமை இடம் எனக்கே வருமாம், வீடும் மாறாதாம். ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "மொழிபெயர்ப்பாளரின் பிழையால் தவறான சொல் இடம்பெற்றுவிட்டது" என்று தொடங்கும் ஒரு திருத்தம். எல்லாத் தீவுக்கும் என் பெயர் போட்டுப் போகும். "ஒரு கையெழுத்து. யாருக்கும் நஷ்டமில்லை."

பத்து வருடமாக நான் கேட்டதெல்லாம் அந்த மேசையில் இருந்தது. அநியாயம் நடந்தது என்று ஒரு வெள்ளைக்காரன் வாயால் ஒப்புக்கொள்வதும் சேர்த்து. அதைக் கேட்க நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது.

திருத்தம் போனால் உன் பாட்டு ஒரு அச்சுப் பிழையைப் பற்றிய பாட்டாகிவிடும். அதுவும் எனக்குத் தெரிகிறது.

வாக்குப் பெட்டிக் கப்பல் புறப்படுவதற்குள் பதில் வேண்டுமாம். காகிதம் என் முன்னால் இருக்கிறது. மேலியா ஈரப்பலாவைச் சுட்டு இரண்டாகப் பிளந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். என்ன செய்யப்போகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். டேமுக்கிக்காக எதையும் செய்ய மாட்டேன், அது மட்டும் நிச்சயம்.

அபினேலு

*

நியூட்டாவ்,
15 செப்டம்பர் 1974

அண்ணனுக்கு,

வாக்கு முடிந்தது. பெட்டி போய்விட்டது. உங்கள் கடிதமும் அந்தக் கப்பலில்தான் வந்தது. எழுத்தர் மூட்டையைப் பிரிக்கும்போது கிணற்றடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வாக்குச் சீட்டு, மை, பூட்டு, பிஸ்கட் டின். திருத்தம் என்று எதுவும் வெளியே வரவில்லை. மூட்டையை உதறச் சொன்னேன். எழுத்தர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கப்பலில் தவறிப்போனதா, நீங்கள் கையெழுத்துப் போடவில்லையா? எது என்று தெரியாமல்தான் பாடினோம்.

ஐ.நா. ஆட்களை நடுவில் உட்காரவைத்து, தலையில் பூமாலை வைத்து, பாளையிலிருந்து அன்று இறக்கிய பதநீர் கொடுத்தார்கள். வடபக்கத்தார் வரவேற்புப் பாட்டு பாடினார்கள், நன்றாகத்தான் இருந்தது. பிறகு நாங்கள். முதல் சுற்று மெதுவாக.

பாஸ்பேட்டை வைத்துக்கொள், கப்பல்களை வைத்துக்கொள்,
துடுப்பை மறந்துவிட்டாய், எங்களுக்குக் கை இருக்கிறது,
கடலேறுகிறோம்.

இரண்டாவது சுற்றில் வடபக்கத்தாரும் மரப்பெட்டியைத் தட்ட வந்துவிட்டார்கள். போட்டி என்பதே மறந்துபோனது. அண்ணா, பாய்சி எழுந்தார். இடுப்பு பிடித்த மனிதர், தூணைப் பிடித்து எழுந்து, தூணை விட்டுவிட்டு ஆடினார்.

ஐ.நா. ஆட்களில் கண்ணாடி போட்டவர் டேமுக்கியிடம் குனிந்து, பாட்டுக்கு என்ன பொருள் என்று கேட்டார். கூட வந்த சர்க்கார் அதிகாரியும் காதை நீட்டினார். டேமுக்கி முகத்தை மாதாகோவில் முகமாக வைத்துக்கொண்டு, "பக்திப் பாட்டுங்க. நோவா பெட்டகத்துல ஏறுனது" என்றான். அவர் அதை எழுதிக்கொண்டார்.

அந்த நேரத்துக்கு மட்டும் டேமுக்கியை எனக்குப் பிடித்தது. நீங்கள் கோபித்தாலும் சரி.

நான் எதற்குப் போட்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பாய்சி வெளியே வந்து, "என்ன கடலேத்த எவனாலயும் முடியாது, நானே போறேன்" என்று சீட்டில் எழுதிவிட்டு வந்ததைப்போல எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ரகசிய வாக்காம்.

நீங்கள் போட்டீர்களா?

சுலியா

*

பைரிக்கி,
20 நவம்பர் 1974

சுலியாவுக்கு,

வானொலியில் கேட்டிருப்பாய். பிரிவினை ஜெயித்தது. ஜெயித்தது என்பது சின்னச் சொல். மறுத்தவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கப்பலில் எதுவும் தவறவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு கார்வியிடம் போனேன். "மொழிபெயர்ப்புல தப்பு இல்லைங்க. மூலத்துலதான் தப்பு. அதத் திருத்திக் குடுத்தா நானும் திருத்தித் தர்றேன்" என்றேன்.

"நீங்க கோவத்துல பேசறீங்க" என்றார்.

"ஆமாங்க."

மறுநாளிலிருந்து என்னைக் கிடங்கில் போட்டார்கள். தட்டச்சு நாடாக்களையும் துருப்பிடித்த விளக்குகளையும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

வாக்கும் போட்டேன். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லிஸ்காரர்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். ஆளுக்கொரு வேலையும் வீடும் வைத்திருப்பவர்கள், அதை இழப்பதற்காக வெயிலில் நின்றார்கள். யாரும் வீரம் பேசவில்லை. மழை வருமா என்றுதான் பேசிக்கொண்டோம். ஊரை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்குக் கூலி கொடுத்து நம்மை மிரட்ட வைத்தார்களே, அந்தக் கூலியை முகத்தில் எறியத்தான் போட்டேன். ஊருக்கு அதில் லாபம் வந்தால் வரட்டும்.

பௌரோ வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கோவை மீன்.

"போறவனே, அந்தப் பெரிய அகராதிய வெச்சுட்டுப் போ."

"அது என் சம்பளத்துல வாங்குனது."

"அப்ப உன் 'ஆகவே'யயாவது வெச்சுட்டுப் போ. எங்க மொழியில அதுக்குச் சரியா ஒண்ணு கெடைக்க மாட்டேங்குது." பிறகு வாசலில் நின்றபடி, "நீங்க போறது எங்களுக்கும் நல்லதுதான். அதுக்காக நீ போறது எனக்குச் சந்தோஷம்னு நெனைக்காத" என்றான். அவன் தெருமுனை திரும்பும்வரை நான் சிரிக்கவில்லை.

அடுத்த வருடக் கடைசியில் எங்களை அனுப்புவார்கள். நமக்குக் கிடைக்கப்போகிற அந்த ஒரே கப்பலில். மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவன் மிதிக்க வருகிறேன், ஊர் சிரிக்கட்டும். தூணைக் கேட்க மாட்டேன். கொடுத்தாலும் வாங்க மாட்டேன், டேமுக்கியிடம் இப்போதே சொல்லிவை.

ஒன்று மட்டும் நேற்றுத்தான் உறைத்தது. நான் வந்துவிட்டால் நமக்குள் பேச்சு நின்றுவிடும். அறுநூறு மைலுக்கு அப்பால் இருந்ததால்தான் நீ என்னை இவ்வளவு திட்ட முடிந்தது. அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அபினேலு

*

நியூட்டாவ், கிணற்றடி வீட்டிலிருந்து
நியூட்டாவ், கடற்கரை வீட்டுக்கு
30 ஜனவரி 1976

அண்ணனுக்கு,

ஒரே ஊருக்குள் கடிதம் எழுதுகிறாள் என்று என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். சிரிக்கட்டும். இதைக் கிணற்றடிக் கல்லுக்குக் கீழே வைக்கிறேன். மேலியா அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

நீங்கள் பாறையைத் தாண்டிப் படகில் வந்து இறங்கியபோது கொப்பரைக் கொட்டகைக்குப் பின்னால் நின்றேன். இளைத்துவிட்டீர்கள். முந்தாநாள் பாதையில் எதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன், நீங்களும் திருப்பிக்கொண்டீர்கள். உங்கள் தோளில் அந்த அகராதி இருந்தது. பௌரோவுக்குக் கொடுக்கவில்லையா, கஞ்சன்.

மன்றத்தில் நடந்ததை வெளியே பாயிலிருந்து பார்த்தேன். நீங்கள் உள்ளே வந்ததும் டேமுக்கி தூணைவிட்டு நகர்ந்தான். "வா, சாஞ்சுக்க" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

"வேணாம். எனக்கு முதுகு இருக்கு" என்றீர்கள். இரண்டு தூணுக்கும் நடுவில், பின்னால் காற்று மட்டும் இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தீர்கள்.

"மத்தியானத்துக்குள்ள சாயறான் பாரு" என்றார் பாய்சி. கூட்டம் கலையும்வரை நீங்கள் சாயவில்லை. சாயங்காலம் அண்ணி உங்கள் முதுகுக்கு எண்ணெய் தேய்த்ததும் எனக்குத் தெரியும். ஊருக்குச் சொல்லவில்லை.

இப்போது விஷயம். பெயர் மாறிவிட்டது, துவாலு என்கிறோம். கொடி இன்னும் அவர்களுடையதுதான். முழு விடுதலை எப்போது என்று கேட்டால், பொறுங்கள், பழகுங்கள், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். நம் தீவு என்ன நினைக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும் என்று நேற்று முடிவானது. யார் எழுதுவது என்று பேச்சு வந்ததும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். உங்களிடம் நேரில் கேட்க டேமுக்கிக்குக் கூச்சம். பாய்சிக்கு அதைவிடக் கூச்சம். அவர் என் வீட்டு வழியே இரண்டு முறை போய் வந்து, கடைசியில் கிணற்றைப் பார்த்துச் சொன்னார்: "அந்தக் கடலேத்துன ஆளுதான் எழுதணும். அவனுக்குத்தான் சரியா கோவம் வரும்."

ஆகவே, கேட்கிறேன்.

சுலியா

*

கடற்கரை வீடு,
31 ஜனவரி 1976

சுலியாவுக்கு,

கல் கனமாக இருக்கிறது. சின்னதாக ஒன்று பார்த்து வை, எனக்கு முதுகு சரியில்லை. அகராதியைப் பற்றி நீ பேச வேண்டாம்.

பாய்சியிடம் சொல்: மறக்கவில்லை, எழுதுகிறேன். டேமுக்கியிடம் சொல்: இது தூணுக்குப் பதில் இல்லை. முழுவதையும் ஞாயிறு கழித்து மன்றத்தில் நானே வாசிப்பேன். தொடக்கத்தை மட்டும் கீழே எழுதியிருக்கிறேன். பெண்களுக்கு வாசித்துக் காட்டு. கால் எழவில்லை என்றால் சொல், மாற்றுகிறேன்.

"துடுப்பில்லாமல் எங்களைக் கடலேற்றினீர்கள். இழுத்துப் பிடிக்கக் கயிறு உங்கள் கையில் இருப்பதாக இன்னும் நினைக்கிறீர்கள். நாங்கள் கடலேறி வெகுதூரம் வந்துவிட்டோம். ஆகவே, உங்கள் கொடியை எந்த நாளில் இறக்குவது என்று நீங்கள் சொல்கிறீர்களா, நாங்கள் சொல்லட்டுமா?"

அபினேலு